வாரின் மறுமுனை

ஜனவரி 6

அன்புள்ள வக்கீலுக்கு,

முதுகைத் தவிர இங்கே எல்லாம் ஒழுங்காக இயங்குகின்றன. உன் உடம்பு எப்படி இருக்கிறது என்பதை நீயே எழுது. தொலைபேசியில் கேட்டால் இரண்டாவது வாக்கியத்திலேயே மாப்பிள்ளை வாங்கிக்கொள்கிறார். அவருடைய சளியும் செரிமானமும் எனக்கு மனப்பாடம். உன்னுடையது ஒன்றும் தெரியாது.

பட்டு வந்து ஒரு மாதமாகிறது. மாப்பிள்ளை புதிய குதிரை வாங்கியதால் பழையதை மைத்துனன் தலையில் கட்டிவிட்டார் என்று என் துறையில் பேசிக்கொள்கிறார்கள். உண்மைதான். ஆனாலும் முதுகுக்காக மருத்துவர் சொன்ன நடைப்பயிற்சியைவிட இது மேல். பூங்காவைச் சுற்றிவரும் ஓய்வூதியக்காரர்களோடு அரசியல் பேச வேண்டியதில்லை.

ஆக, ஐம்பத்து நான்கு வயதில் டிரெஸ்ஸாஜ் கற்கிறேன். பந்தயமும் தாண்டலும் இல்லாமல், குதிரை சீராக நடக்கவும் வளையவும் நிற்கவும் பழக்கும் வித்தை. பயிற்சியாளர் முப்பது வயதுப் பெண். குரல் மட்டும் படைத் தளபதியுடையது. அப்படியே அழைக்கிறோம், அவருக்கும் அதில் பெருமை. முதல் மாதம் முழுக்க என் கையில் கடிவாள வாரையே கொடுக்கவில்லை. இடுப்பில் கைவைத்துக்கொண்டு நீளக் கயிற்றின் முனையில் சுற்றிச் சுற்றி வந்தேன்.

நேற்றுதான் வார் கிடைத்தது, அதுவும் தரையில். கொட்டகையில் ஒரு ஸ்டூலில் உட்காரவைத்து வாரை என்னிடம் கொடுத்தார். குதிரையின் வாய்க்கம்பியில் மாட்டும் முனையைத் தன் கையில் எடுத்துக்கொண்டார்.

"இப்ப நான்தான் குதிரை. கண்ணை மூடிக்கோங்க. நான் எங்க இருக்கேன்னு கையாலயே கண்டுபிடிங்க."

இறுகப் பிடித்தேன்.

"புரொபசர், பஸ்ல கம்பியைப் பிடிச்சுத் தொங்குற மாதிரி இருக்கு. இந்தப் பக்கம் இருக்கிறது ஒரு நாக்கு."

தளர்த்தினேன். வார் தொய்ந்தது. அவர் மறுமுனையை நகர்த்தியதும் அது இறுகி விரலில் சுண்டியது.

"பாத்தீங்களா? பாவம்னு விட்டா, அடுத்த தடவை பிடிக்கும்போது அடியாப் போய் விழும். இழுக்கவும் கூடாது, கைவிடவும் கூடாது. கை குலுக்கும்போது ஒரு எடை இருக்குமே, அது எப்பவும் இருக்கணும்."

நான் விசைகளின் சமநிலையை விளக்க முற்பட்டேன். "அதை வீட்டுல போய் எழுதிப் பாருங்க" என்றார்.

புத்தக அலமாரியைச் சுவரோடு பிணைத்துவிட்டேன். இதற்காக ஒரு கட்டடப் பொறியியல் பேராசிரியரோடு மாதக்கணக்கில் வாதாடிய பல் மருத்துவர் நீ ஒருத்தியாகத்தான் இருப்பாய். ஆணி அடித்தாகிவிட்டது, இனி மேல்முறையீடு இல்லை.

அண்ணன்


ஜனவரி 29

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் முதுகு தேறிவருவது அறிந்து மகிழ்ச்சி. நாங்கள் இருவரும் சுகம். அவருக்குச் சளி கொஞ்சம் குறைந்திருக்கிறது.

பட்டு உங்களிடம் வந்தது நல்லது. அவர் செய்யும் ஏற்பாடு எப்போதும் சரியாகவே இருக்கும். கிளினிக்கைச் சிறிது காலம் மூடிவைத்திருக்கிறேன். வீட்டில் வேலை இருக்கிறது. அவருக்கும் அதுவே நல்லதென்று தோன்றியது. அலமாரி விஷயத்தில் நீங்கள் செய்ததே சரி.

பட்டுவின் முகத்துக்கு அருகில் கையைச் சட்டென்று உயர்த்தாதீர்கள். வேறொன்றும் இல்லை.

தங்கை


பிப்ரவரி 17

அன்புள்ள வக்கீலுக்கு,

முதுகு என்னை மன்னித்துவிட்டது. தொடைகள் இன்னும் மன்னிக்கவில்லை. நீங்கள் இருவரும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். கிளினிக்கை மூடியதற்கு நீ எழுதிய காரணம் எனக்கு விளங்கவில்லை. மீண்டும் எழுது.

தளபதி ஒரு போட்டிக்காக வெளியூர் போயிருப்பதால் நானே தனியாகப் பழகிவருகிறேன். ஒரு பெருமையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பட்டு என் கையில் இழையாக இருக்கிறாள். வாரை ஒரு விரற்கடை உள்ளே எடுத்தால் போதும், கழுத்து வில்லாக வளைந்து முகவாய் மார்பைத் தொட வருகிறது. கையில் எடையே இல்லை. தையல் நூலைப் பிடித்திருப்பது போல. கொட்டகையில் இருந்த ஒருவர் படம் எடுத்துத் தந்தார். ஒரு பிரதி இத்துடன் இருக்கிறது. மற்றொன்றைத் துறையில் என் மேசைக்கு மேலே மாட்டியிருக்கிறேன்.

இதில் பெரும்பங்கு மாப்பிள்ளையின் பயிற்சிக்கு. மிச்சம் என் கையின் மென்மைக்கு என்று அடக்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன். இதையாவது மறுத்து எழுது.

அண்ணன்


மார்ச் 1

மதிப்பிற்குரிய மச்சானுக்கு,

இங்கே குறையொன்றும் இல்லை. எனக்குத்தான் சளி விட்டபாடில்லை. உங்கள் தங்கைக்கு எழுத நேரம் கிடைக்கவில்லை. ஆகவே அவள் சார்பில் நான். உங்கள் கடிதத்தை இருவரும் சேர்ந்தே படித்தோம். எங்கள் வீட்டில் எல்லாக் கடிதங்களையும் அப்படித்தான் படிப்பது. தனித்தனியாகப் படித்தால் தனித்தனியாகப் புரிந்துவிடும் அல்லவா!

படம் பிரமாதம். வந்த புதிதில் பட்டு எப்படி இருந்தாள் தெரியுமா? எதற்கெடுத்தாலும் தலையை உதறுவாள், வாரைப் பிடுங்குவாள். உங்கள் தங்கையும் கல்யாணமான புதிதில் அப்படித்தானே, நீங்கள் கொடுத்த செல்லம்! (தமாஷுக்கு எழுதுகிறேன். அவளும் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறாள்.) கத்தவும் வேண்டாம், சாட்டையும் வேண்டாம். சேணத்திலிருந்து வாய்க்கம்பி வழியாக ஒரு துணைவாரை மாட்டி, தலையை மார்போடு சேர்த்து வைத்துவிட வேண்டியதுதான். எவ்வளவு நேரம்தான் பிடுங்கும்? தானாகவே களைத்து ஒத்துக்கொள்ளும். நாம் கோபப்பட வேண்டிய அவசியமே இல்லை. பலனை நீங்களே அனுபவிக்கிறீர்கள்.

கிளினிக் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது முழுக்க முழுக்க அவளாக எடுத்த முடிவு.

உங்கள் மாப்பிள்ளை


மார்ச் 20

அன்புள்ள வக்கீலுக்கு,

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் நலத்தை உன் கையெழுத்தில் அறிய விரும்புகிறேன்.

சுவரிலிருந்து படத்தைக் கழற்றிவிட்டேன். தளபதி திரும்பி வந்து, நானும் பட்டுவும் போட்ட இரண்டு சுற்றுகளைப் பார்த்தார். பிறகு நிறுத்தச் சொன்னார்.

"கையில எவ்வளவு எடை இருக்கு, புரொபசர்?"

"எதுவும் இல்லை. பூப் போல" என்றேன். பாராட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"சுத்தமா இல்லையா?"

"இல்லை."

"அப்ப நீங்க யார்கூடப் பேசிட்டிருக்கீங்க? லேசா இருக்கிறது வேற, ஆளே இல்லாம இருக்கிறது வேற. அவ கம்பிக்குப் பின்னாடி போய் ஒளிஞ்சிக்கிட்டா. நீங்க விரலை மூடுறதுக்கு முன்னாடியே கழுத்தை மடிச்சுக் கொடுத்துடுறா, வாயில எதுவும் வந்து விழக் கூடாதுன்னு. பாக்கிறவங்களுக்கு அழகா இருக்கும், படம்கூடப் பிடிப்பாங்க. யார் இவளைப் பழக்கினது?"

"என் தங்கையின் கணவர்."

 அவர் சேணத்தின் வாரைச் சரிபார்ப்பதில் மும்முரமாகிவிட்டார்.

அந்த வாரம் குதிரைகளுக்குப் பல் அராவ வந்த மிருக வைத்தியர் பட்டுவின் வாயைத் திறந்து பார்த்தார். கீழ்த்தாடையில், முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல்லில்லாத இடம் ஒன்று இருக்கிறது. வாய்க்கம்பி உட்காரும் இடம் அது. அங்கே இரு பக்கமும் எலும்பில் முடிச்சு. என் விரலைப் பிடித்து வைத்துக் காட்டினார், பட்டாணி அளவு. பட்டு அசையாமல் நின்றாள். கண்ணை மட்டும் மூடிக்கொண்டாள்.

இது எதனால் வரும், எவ்வளவு காலத்தில் வரும்? ஒரு பல் மருத்துவரின் கருத்தைக் கேட்கிறேன். தொழில்முறைக் கேள்வி, சேர்ந்து பதில் எழுத வேண்டியதில்லை.

அண்ணன்


ஏப்ரல் 8

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் சுகம். தாமதத்துக்கு மன்னிக்கவும்.

நீங்கள் கேட்ட இடத்தில் ஈறு மிகவும் மெல்லியது. அதற்கு நேர் கீழே எலும்பின் உறை. தாடையில் அதைவிடக் கூர்மையான நரம்புணர்ச்சி உள்ள இடம் குறைவு. அங்கே அழுத்தம் ஒரு முறை வந்தால் வீங்கி வடியும். மறுபடி மறுபடி ஒரே இடத்தில் வந்தால், எலும்பு தன்னைக் காத்துக்கொள்ளப் புதிய எலும்பை வளர்க்கும். ஆகவே முடிச்சு என்பது நோய் அல்ல, தற்காப்பு. ஒரு நாளில் வராது. விபத்தால் இரு பக்கமும் ஒரே அளவில் வராது. மேலே ஈறு ஆறிவிடும், பார்ப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அந்த இடத்தை நோக்கி எது வந்தாலும் அது

இங்கே நல்ல மழை. குதிரைகளைப் பற்றி அவருக்குத் தெரியாதது எனக்கு என்ன தெரிந்துவிடப்போகிறது. வைத்தியர் சொல்வதைக் கேளுங்கள். அவர் உங்களுக்கு வணக்கம் சொல்லச் சொன்னார்.

தங்கை


ஏப்ரல் 14

அன்புள்ள வக்கீலுக்கு,

இந்த மழையில் மூட்டுகளைக் கவனித்துக்கொள். எனக்குச் சிறு பல்வலி. துறையில் ஒரு நண்பர், வலிக்கும் ஒன்றுக்காக ஓடிக்கொண்டிருப்பதைவிட வரிசையையே முடித்துவிடலாம் என்கிறார். நல்ல யோசனையாகப் படுகிறது. கீழ்வரிசைப் பற்கள் அனைத்தையும் அடுத்த மாதம் பிடுங்கிவிட்டுச் செயற்கைப் பற்கள் பொருத்திக்கொள்வதாக முடிவு செய்திருக்கிறேன். ஆடாத பற்கள்தான், இருந்தாலும் எப்படியும் ஒருநாள் ஆடத்தானே போகின்றன. உன் கருத்து என்ன?

அண்ணன்


ஏப்ரல் 27

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் சுகம். பல் விஷயத்தில் உங்களுக்கு எது சௌகரியமோ அப்படியே செய்யுங்கள். நீங்கள் யோசிக்காமல் முடிவு செய்ய மாட்டீர்கள்.

தங்கை


மே 2

மதிப்பிற்குரிய மாப்பிள்ளைக்கு,

உங்கள் சளி எந்நிலையில் இருந்தாலும் இந்தக் கடிதத்தை வழக்கம்போல் இருவரும் சேர்ந்தே படியுங்கள். தனியாகப் புரிந்துகொள்ளச் சிரமமான எதையும் நான் எழுதப்போவதில்லை.

பட்டுவுக்கு நீங்கள் அளித்த பயிற்சியைக் கலைக்க எங்களுக்கு ஆறு வாரம் பிடித்தது. வாரை நீளமாக விட்டோம். வாய்க்கம்பியை மாற்றினோம். கையை அசைக்காமல் வைத்துக்கொண்டு, கால்களால் மட்டும் அவளை முன்னே போகச் சொன்னோம். வெகுநாள் வரை எதுவும் நடக்கவில்லை; நான் வார் பிடித்திருந்தேன், மறுமுனையில் யாரும் இல்லை. சென்ற செவ்வாய்க்கிழமை, ஒரு வளைவில், கழுத்து நீண்டு மூக்கு முன்னே போயிற்று. என் கையில் ஓர் எடை வந்து அமர்ந்தது. அடுத்த கணம் அவள் தலையை உதறி வாரை வெடுக்கென்று பிடுங்கினாள். நான் சேணத்தில் குப்புற விழ இருந்தேன். பயிற்சியாளர் மைதானத்தின் நடுவே நின்று கத்தினார்: "இழுக்கிறா! வந்துட்டா! புரொபசர், பதிலுக்கு இழுத்துடாதீங்க, விட்டும் தொலைச்சிடாதீங்க!" தோள்பட்டை இன்னும் வலிக்கிறது. அந்த வலிக்காக வருந்தவில்லை.

இனி என் தங்கையைப் பற்றி. நினைவு தெரிந்த நாள் முதல் அவள் என்னோடு ஒத்துப்போனதில்லை. நான் கிழக்கு என்றால், எந்த ஊரிலிருந்து பார்த்து என்று கேட்பாள். அவளுடைய அண்மைக் கடிதங்களில் எடையே இல்லை. ஆடாத பற்களைப் பிடுங்கப்போவதாக எழுதினேன். ஒரு பல் மருத்துவர் அதற்குச் சம்மதம் தெரிவித்திருக்கிறார். அப்படிப்பட்ட சம்மதம் எவ்வாறு உண்டாகும் என்பதை இந்த ஆண்டு நான் ஒரு குதிரையிடம் கற்றேன். கோபப்பட வேண்டிய அவசியமே இல்லை என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். அதில் உங்களோடு உடன்படுகிறேன். நான் கோபப்படவில்லை. மே 19, ஞாயிறு காலை காரில் வருகிறேன். அவளுடைய பெட்டி தயாராக இருக்கட்டும். கிளினிக்கின் சாவியும் அவளிடம் இருக்க வேண்டும்.

மைத்துனன்


மே 13

அண்ணாவுக்கு,

உயிரோடு இருக்கிறேன். உறையின் பின்புறம் உள்ள முகவரியைக் கவனியுங்கள், அது மாறியிருக்கிறது. யாருக்கும் கொடுக்காதீர்கள்.

முதலாவது, நான் குதிரை அல்ல. குதிரைக்கு லாயத்தை மாற்றினால் போதும். என்னை எங்கே கட்டலாம் என்று நீங்களும் அவரும் கடிதம் போட்டுப் பேசிக்கொள்வதற்கு நான் என்ன, இரண்டு பேருக்கும் நடுவே கைமாறும் சேணமா? ஒரு பக்கம் முழுக்க என்னைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். என்னிடம் ஒரு கேள்வி உண்டா? பெட்டியை நான் கட்டுவேனா என்று? காரில் ஏறுவேனா என்று?

அந்தக் கடிதத்தை அவர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து உரக்கப் படித்தார். "உங்க அண்ணனுக்குக் குதிரை மேல ஏறினதும் மூளை குலுங்கிடுச்சு" என்று சிரித்தார். சாப்பிட்டு முடித்துக் கைகழுவினார். பிறகு வாசல் கதவின் சாவியையும் என் கைப்பையையும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். தபாலில் போட்டதற்கும் உங்கள் ஞாயிற்றுக்கிழமைக்கும் நடுவே அந்த வீட்டில் எத்தனை நாள் இருந்தன, அண்ணா? வாரைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவருக்கு, ஓர் இழுப்பு எந்த வாயில் போய் விழும் என்று தெரியவில்லையா?

இரண்டாவது, நீங்கள் கண்டுபிடித்ததாக நினைப்பதும் தவறு. நான் ஒத்துக்கொண்டு ஒத்துக்கொண்டு எழுதியதால் நான் அங்கே இல்லை என்று முடிவு கட்டிவிட்டீர்கள். இருந்தேன். முழுக்க இருந்தேன். அவருக்குப் பிடித்த வாக்கியம் எங்காவது கண்ணில் பட்டால் மிச்சத்தைப் படிக்காமல் உறையில் போடுவார், அதற்காக எழுதியது. என்னோடு படித்த ஒருத்தியின் கிளினிக்கில் ஜூன் முதல் எனக்கென்று ஒரு நாற்காலி போடுவதாக ஏற்பாடு. அவருடைய புதுக் குதிரை ஜூனில் போட்டிக்குப் போகும், அவரும் போவார், என் கருவிகளை எல்லாம் எடுத்துக்கொண்டு நான் கிளம்பியிருப்பேன். உங்கள் கடிதத்தால் சமையலறைப் பின்கதவு வழியாக, கட்டியிருந்த துணியோடு வந்தேன். பல் பிடுங்கும் இடுக்கிகூட இரவல்.

பட்டுவின் வாயைப் பற்றி எழுதியபோது ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டேன். நான் எப்போதாவது வாக்கியத்தைப் பாதியில் விட்டதுண்டா? அதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது? நீங்கள் அதைக் கவனிக்காமல் பல் பிடுங்கும் கதை விட்டுக்கொண்டிருந்தீர்கள். கதைதான் என்று அப்போதே தெரியும். மீறி ஒரு பல்லைத் தொட்டிருந்தால், மிச்சத்தை நானே பிடுங்குவேன், மரத்துப்போகிற ஊசி இல்லாமல்.

ஞாயிற்றுக்கிழமை அங்கே போகாதீர்கள். போனால் அவருக்கு உங்களோடு ஒரு சண்டை கிடைக்கும். அது முழுக்க ஆண்பிள்ளைகள் விவகாரமாகிவிடும். இங்கேயும் வராதீர்கள். கூப்பிடும்போது வாருங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். முகத்தின் பக்கம் கையை உயர்த்தக் கூடாது என்று பட்டுவைத் தொடும் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறீர்களா?

தங்கை


மே 20

அன்புள்ள வக்கீலுக்கு,

நலம். நீ உயிரோடு இருப்பதாக எழுதிய வரியை நலம் விசாரிப்பின் முழு விடையாக ஏற்றுக்கொள்கிறேன்.

நேற்று நான் எங்கேயும் போகவில்லை. காரின் சாவியைத் தளபதியிடம் கொடுத்துவிட்டு மைதானத்தில் நடந்தேன். அங்கேயும் வர மாட்டேன், கூப்பிடும் வரை. உன் கருவிகளைப் பற்றி நானாக எதுவும் செய்யவில்லை, சொன்னால் செய்வேன். முகத்தின் பக்கம் கையை உயர்த்தக் கூடாது என்று கொட்டகைக் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறது.

மே 2-ஆம் தேதிக் கடிதத்தை அவருக்கு எழுதியது தவறு. உனக்கு எழுதாதது அதைவிடப் பெரிய தவறு. இவை இரண்டிலும் எனக்கு வாதம் இல்லை.

ஆனால் பாதி வாக்கியத்தை நான் கவனிக்கவில்லை என்று நீ எழுதியிருப்பது உண்மைக்குப் புறம்பானது. கவனித்தேன். கவனித்ததால்தான் பல் கதையை எழுதினேன். முடியாத வாக்கியத்துக்கு அஞ்சல் நேரம், பேனாவில் மை தீர்ந்தது, வாசலில் மணி அடித்தது என்று ஆயிரம் காரணம் இருக்கலாம். ஒற்றைச் சான்றை வைத்து முடிவுக்கு வருவது என் துறையில் பாலங்களை விழவைக்கும். ஆகவே சோதனை தேவைப்பட்டது. சோதனைக்கு வேண்டுமென்றே தவறான விடையைக் கொடுத்துவிட்டு, தேர்வாளர் ஏமாந்துவிட்டார் என்று குற்றம் சாட்டுவது எந்த ஊர் நியாயம்? இது குறித்த உன் வாதம் அடிமுதல் நுனிவரை தவறு என்பது என் உறுதியான கருத்து.

மறுப்பு இருந்தால் எழுதலாம். கூடுதல் தாள் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம்.

அண்ணன்